தாய் ஏன் ஓம் என்றாள்

இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்கு முந்தைய வருஷம் நான் இரண்டு இடங்களில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கிழமை நாட்களில் காலை ரயிலேறிப் பட்டணத்துக்குப் போய் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழ். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்ச் சைவப் பள்ளிக்கூடத்தில், பதினைந்து பதினாறு வயதுப் பெண்பிள்ளைகளுக்குச் சமய வகுப்பு. மிஷன் சம்பளம் வாங்குகிற கையால் திருநீறு கொடுக்கிறாள் என்று சிலர் கதைத்தார்கள். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

சமய வகுப்பு என்றால் அந்நாளில் பாடமாக்குவதுதான். பதிகம் ஒப்புவிப்பார்கள், அடியார் ஒருவரின் சரிதத்தைச் சொல்லுவேன், கற்பூரம் கொளுத்தி முடிப்போம். ஒரு ஞாயிறு பிள்ளைக்கறிக் கதை வந்தது. விரதமிருந்த சிவனடியார் ஒருவர் வீட்டுக்கு வந்து, உங்கள் ஒரே மகனைக் கறி சமைத்துத் தந்தால்தான் உண்பேன் என்கிறார். தகப்பன் பள்ளிக்குப் போய்ப் பிள்ளையை அழைத்து வருகிறான். தாய் காலைப் பிடிக்க, தகப்பன் வெட்டுகிறான். கறி சமைத்த பிறகு, மகன் வராமல் உண்ணமாட்டேன் என்கிறார் அடியார். இல்லாத மகனை வாசலுக்குப் போய்க் கூப்பிட, அவன் ஓடி வருகிறான். வந்தவர் சிவன்.

நான் முடிக்கும் முன்பே முன்வாங்குப் பலகையில் இருந்த ஒருத்தி எழுந்து நின்றாள்.

"ரீச்சர், அந்தத் தாய் ஏன் ஓம் எண்டு சம்மதிச்சவ?"

"பக்தி, பிள்ளை."

"தகப்பனுக்குப் பக்தி. சரி. தாயிட்டை ஆராவது கேட்டவையோ? நான் எண்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பன்."

மற்றப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கற்பூரத்தைக் கொளுத்தி வகுப்பை முடித்தேன்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம் பியானோ படிப்பிக்க ஒரு பெண் வந்திருந்தாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவள். யூதப் பெண், ஜெர்மனியில் இருக்க முடியாமல் வந்தவள். மத்தியான இடைவேளையில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து சாப்பிடுவோம். அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறி வரும். நடந்ததை அவளிடம் சொன்னேன்.

சாப்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டாள். தன் ஊரில் அவளும் சனிக்கிழமைகளில் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வேதம் படிப்பித்தவளாம். அவர்கள் வேதத்திலும், கடவுள் சொன்னார் என்று மகனைப் பலியிட மலையேறும் ஒரு தகப்பன் இருக்கிறான்.

"அந்தக் கதையில் தாயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதற்குப் பிறகு அவளைப் பற்றி வருவது அவளுடைய சாவுதான். ஏன் என்று எங்கள் பழைய ஆசிரியர்கள் எவ்வளவோ காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நானும் பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராக இருத்தி, நீங்களே வாதாடுங்கள் என்று விடுவேன்."

"பிறகு கடவுளை நம்பாமல் போய்விட்டால்?"

அவள் திருப்பிக் கேட்டாள். "கேள்வி கேட்ட பிள்ளை அடுத்த கிழமை வகுப்புக்கு வந்தாளா?"

"வந்தாள். எல்லாருக்கும் முதலே வந்தாள்."

"அப்படியென்றால் ஏன் பயப்படுகிறாய்?"

அந்த ஞாயிறு நான் வாங்குகளைத் திருப்பிப் போட்டுப் பிள்ளைகளை எதிரெதிரே இருத்தினேன். ஒருத்தி தாய்க்காகப் பேச வேண்டும், மற்றவள் அவளைக் கேள்வி கேட்க வேண்டும். முதலில் ஒருவரையொருவர் பார்த்து வெட்கப்பட்டார்கள். பிறகு வகுப்பு சந்தையாகிவிட்டது.

இரண்டு ஞாயிறுக்குள் முறைப்பாடு போய்விட்டது. பிள்ளைகளைச் சாமியோடு வழக்காடப் பழக்குகிறாளாம். பள்ளிக்கூட மனேச்சர் தானே பார்க்க வந்தார். மலாயா ரயில்வேயில் வேலை செய்து பென்சனோடு ஊர் திரும்பியவர்; சிரித்து நான் கண்டதில்லை. பின்னாலே ஒரு வாங்கில் இருந்து, "நடத்துங்கோ" என்றார்.

நான் பிள்ளைகளை எதிரெதிரே இருத்தினேன். அவர்கள் பயப்படவில்லை. வழக்கமாக வாயே திறக்காத ஒருத்தி அன்று தாயாக இருந்தாள்.

"புருஷன் தனியச் செய்யிறதை அவவாலை பாத்துக்கொண்டு இருக்கேலாமல் போயிருக்கும். அதுதான் காலைப் பிடிச்சவ."

முன்வாங்குக்காரி விடவில்லை. "அவ புருஷனைப் பாத்தா. அப்ப பிள்ளையை ஆர் பாத்தது?"

பின்னாலிருந்து மனேச்சரின் குரல் வந்தது.

"பிள்ளை, கதையின்ரை கடைசியைச் சொல்லு."

அவள் சொன்னாள். தகப்பன் வாசலுக்குப் போனான், கூப்பிட்டான், பிள்ளை பள்ளிவிட்டு வருவதுபோல ஓடி வந்தான்.

"நான் உந்தக் கதையைக் கடைசியிலை இருந்துதான் வாசிக்கிறனான்" என்றார் அவர். "என்ரை மகன் மலாயாவிலை காய்ச்சலிலை போனவன். உங்கடை வயசுகூட இல்லை. நானும் வாசல்லை நிண்டு கூப்பிட்டுப் பாத்தனான். அவன் வரேல்லை. அதுக்குப் பிறகு, வந்த பிள்ளையை மட்டும்தான் நான் வாசிக்கிறது. வெட்டினதை இண்டைவரைக்கும் யோசிச்சதில்லை. நீ கேட்டது சரியான கேள்விதான்."

முன்வாங்குக்காரி அழத் தொடங்கிவிட்டாள். அவர் எழுந்து சால்வையைச் சரிசெய்துகொண்டு என்னிடம் வந்தார்.

"கேக்கட்டும். ஆனால் கதையைப் பாதியிலை விட்டிட்டுப் பிள்ளையளை வீட்டை அனுப்பாதையுங்கோ."

முறைப்பாடு செய்தவர்களுக்கு அவர் என்ன சொன்னாரோ தெரியாது. வகுப்பு நடந்தது.

அடுத்த நாள் பியானோ ரீச்சரிடம் சொன்னேன். "உங்கள் கதையில் பிள்ளை ஓடி வருகிறான்" என்றாள். "எங்கள் கதையிலும் பிள்ளை சாகவில்லை, கடவுள் தடுத்துவிடுகிறார். ஆனால் தகப்பன் மலையிலிருந்து திரும்பினான் என்றுதான் எழுதியிருக்கிறது. மகனும் கூட வந்ததாக எழுதவில்லை. என் வகுப்பில் ஒருவன் அதைக் கண்டுபிடித்தான். இப்போது அவன் எங்கே என்று தெரியவில்லை."

போர் தொடங்கியதும் பொலிஸ்காரர் வந்து அவளைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஜெர்மனி இப்போது பிரிட்டிஷ்காரருக்கு எதிரி, அவள் ஜெர்மன்காரி என்பதுதான் காரணம். ஜெர்மன்காரியில்லை என்று அங்கிருந்து துரத்தப்பட்டவள். மிஷன் பிரின்சிப்பல் அவளை விடுவிக்க எங்கெங்கோ எழுதிப் பார்த்தார். அவளைப் பற்றி எனக்குப் பிறகு ஒரு செய்தியும் கிடைக்கவில்லை. பட்டணத்துக்கு ரயிலில் போகும்போதெல்லாம் அவள் உயிரோடு இருக்க வேண்டும் என்று எங்கள் பிள்ளையாரிடம் கேட்டுக்கொள்வேன். அவள் கேட்டிருந்தால் சிரித்திருப்பாள்.

போர் முடிகிற காலத்தில் எனக்குக் கலியாணமாகிப் பருத்தித்துறைக்குப் போனேன். ஞாயிறு வகுப்பை முன்வாங்குக்காரி எடுத்தாள். அதற்குள் மனேச்சரும் காலமாகிவிட்டார். அவள்மேலும் முறைப்பாடு வந்ததாம். பிள்ளைகளின் வீடு வீடாகப் போய் இருந்து கதைத்தாளாம். இரண்டு பிள்ளைகளை வீட்டார் வகுப்புக்கு விடாமல் மறித்துவிட்டார்கள். மற்றவர்கள் வந்தார்கள்.