அப்பாவின் முதுகு

மனித முதுகில் கல் விழும் சத்தம் எனக்குத் தெரியும். ஈரச் சாக்கில் கட்டையால் அடிப்பதுபோல் இருக்கும். கொழும்பு கொட்டாஞ்சேனையில், எங்கள் வீட்டு முன்னறையில், என் அப்பாவின் முதுகில் அதைக் கேட்டேன்.

அப்பா யூதர். இளவயதில் பக்தாத்திலிருந்து கப்பலேறி வந்து, துணிக்கடை போட்டு, கொட்டாஞ்சேனைத் தமிழ்க் கத்தோலிக்கப் பெண்ணான என் அம்மாவைக் கட்டியவர். எங்களோடு சோறும் கறியும் சாப்பிடுவார், எங்கள் தமிழிலேயே சண்டை பிடிப்பார், என் மகனைத் தோளில் ஏற்றித் தெரு முழுக்கக் காட்டித் திரிவார். வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது மட்டும் வேறு ஆள். பித்தளைத் தண்டில் இரண்டு மெழுகுதிரி கொளுத்துவார். அவர் வேதப்படி கொளுத்தியதை அணைக்கக் கூடாது, இடம் மாற்றவும் கூடாது. தானாக எரிந்து தீர வேண்டும். அம்மாவும் கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சுடரில் கை வைத்ததில்லை.

யுத்தம் வந்தது. யப்பான் விமானம் குண்டு போடும் என்று, வெளிச்சம் வெளியே தெரியாதபடி ஊரெல்லாம் இருட்டடிப்பு. நாங்களும் யன்னலுக்கு வெளிப்பக்கம் கறுப்புத் துணி அடித்திருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை கடற்காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. வெளிச்சம் தெருவில் விழுந்ததும் இருட்டடிப்புக் காவலுக்கு நின்றவன் கத்தினான்.

“யப்பான்காரனுக்கு சிக்னல் போடுறான்டா வெள்ளைக்காரன்!”

“கொஞ்சம் பொறு தம்பி, துணி பறந்திட்டுது. இப்ப வேற அடிப்பம்,” என்றார் அப்பா.

“குண்டு விழுந்த பிறகு அடி!”

அம்மா துணி தேடி ஓடுமுன்னே முதல் கல் கண்ணாடியை உடைத்தது. துண்டுகள் என் மகன் படுத்திருந்த பாயில் சிதறின. பிள்ளையை இழுத்துக்கொண்டு மேசைக்கடியில் புகுந்தேன். அப்பா யன்னலுக்கு முதுகைக் கொடுத்து, சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பயப்படாதேங்கோ. என்ர முதுகு அரைக் கொட்டாஞ்சேனையை மறைக்கும்.”

கல் வந்துகொண்டே இருந்தது. எறிந்தவர்கள் யப்பான்காரர்கள் இல்லை. நத்தார்ப் பண்டிகைக்கு அவர் கடையில் துணி எடுத்த அயலவர்கள். ஒரு கல் பின்மண்டையில் பட்டது. இரத்தம் காதோரம் வழிந்து சட்டைக்குள் இறங்கியது.

“திரியை அணைக்கட்டா?” என்று அம்மா அலறினாள். வேண்டாமென்று தலையாட்டினார். அடுத்த கல்லில் முகங்குப்புற விழுந்தார்.

அம்மா வெறுங்கையால் இரண்டு சுடரையும் அறைந்து அணைத்தாள். பிறகு கதவைத் திறந்து, பித்தளைத் தண்டோடு வெளியே போய், அந்தக் காவல்காரனின் வாயில் அடித்தாள். பல் உடையும் சத்தமும் எனக்குத் தெரியும். எனக்கு அது போதவில்லை. இன்றும் போதவில்லை.

பல வருடம் கழித்து அப்பா செத்தபோது அதே தெரு வந்து “தங்கமான மனிசன்” என்று அழுதது. தங்கத்துக்கா கல் எறிந்தீர்கள் என்று கேட்டேன்.

ஆனால் அப்பா என்றால் எனக்கு ஞாபகம் வருவது, கல்லடி பட்ட அன்றைக்கு அவரைக் கிடத்திய ஆஸ்பத்திரிக் கட்டில்தான். கண் திறந்ததும் கேட்டார்: “திரி எரிஞ்சு முடிஞ்சுதா?”

அம்மா வெந்த கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டாள். “காத்தில அணைஞ்சிட்டுது.”

“அந்தக் காத்து காப்புப் போட்டிருந்துது. சத்தம் கேட்டுது.”

“கதைக்காதேங்கோ, தையல் விட்டிடும்.”

அப்பா அவள் கையைச் சேலையிலிருந்து வெளியே எடுத்தார். கொப்புளங்களைப் பார்த்தார். பிறகு, கிழிந்த உதட்டைக் குவித்து, மெதுவாக ஊதினார்.