ஐந்தாம் நாள் பாட்டில்

வியாழக்கிழமை காலையில் ஆரோக்கியமேரி மேடத்தின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டாக சார். மாரடைப்பு." எனக்கு வாயில் வந்தது இதுதான்: "அந்தப் பாட்டில்கள சனிக்கிழமை எடுக்கணுமே." என்ன மனிதன் நான்.

முதலாண்டுச் சுற்றுச்சூழல் பொறியியல் பாடத்தை நாங்கள் இருவரும்தான் பல ஆண்டுகளாகப் பகிர்ந்து நடத்தினோம். அவரை அறிந்த உங்களுக்கு அந்த ஐஸ் பெட்டி நினைவிருக்கும். மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் ஆற்றுநீர் ஒரு பாட்டில், வெகு கீழே சாக்கடை கலக்கும் இடத்தில் ஒரு பாட்டில் என்று எடுத்துக்கொண்டு பஸ்ஸிலேயே வருவார். ஒருமுறை கண்டக்டர், "என்னக்கா, மீனா?" என்று கேட்டார். "மீன் இல்ல தம்பி, மீன் குடிக்கிற தண்ணி" என்று பெட்டியை மடியில் ஏற்றிக்கொண்டார்.

அந்த நீரை ஐந்து நாள் இருட்டில் மூடி வைத்து, அழுக்கு தின்றது போக ஆக்ஸிஜன் எவ்வளவு மிஞ்சியது என்று பார்ப்பதுதான் சோதனை. ஒரு வருடம் என் வகுப்பு மாணவர்கள் சீனியர்களின் நோட்டைப் பார்த்து அளவுகளை எழுதினார்கள். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன். இரண்டு நோட்டுகளையும் என் மேசையில் விரித்து வைத்தார் மேடம். "ஆறு போன வருசம் சொன்னதையே இந்த வருசமும் சொல்லுமா சார்?" முதல்வரிடம் போகவில்லை. என் மாணவர்களை அவரே ஆற்றுக்கு அழைத்துப் போனார்.

ஒவ்வொரு வருடமும் முடிவுகளை உரிய அலுவலகங்களுக்கு அனுப்புவார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். கடைசியாக அனுப்பிய அன்று, வழக்கமில்லாமல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நாம என்னத்த சார் சொல்லிக் குடுக்குறோம்? ஆறு சாகுறத ஒழுங்கா குறிச்சு வைக்கவா?" நான் டீ சொல்லட்டுமா என்று கேட்டேன். பதில் சொல்லியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை அவர்கள் ஊர்க் கல்லறையில் மண் போட்டுவிட்டு வந்தேன். சனிக்கிழமை, திங்களன்று அவர் வைத்த பாட்டில்களைத் திறந்து மருந்து விட்டேன். லோயர் கேம்ப் நீர் பழுப்பானது; ஆக்ஸிஜன் இருக்கிறது. சாக்கடை கலந்த நீர் வெள்ளையாகவே நின்றது. ஐந்து நாள் முடியுமுன்பே ஆக்ஸிஜன் எல்லாம் தீர்ந்திருக்கிறது. அப்படி வந்தால் எண் எழுதக்கூடாது, புது நீரெடுத்து மறுபடி செய்ய வேண்டும் என்பது அவர் கண்டிப்பு.

"ரீடிங் என்ன சார் எழுத?" என்று ஒரு மாணவி கேட்டாள். போன வருட எண் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "எழுதாதம்மா" என்றேன். "அப்ப மறுபடி தண்ணி எடுக்க யாரு சார் போவாக?" என்றாள்.

அவர் கையால் தேதி எழுதி ஒட்டிய அந்தச் சாக்கடைநீர்ப் பாட்டிலைக் கழுவாமல் என் அலமாரியில் வைத்திருக்கிறேன். நோட்டில் அந்த வரி காலியாக இருக்கிறது. மூன்று வாரமாகிறது. ஐஸ் பெட்டி பக்கத்திலேயே கிடக்கிறது. நான் இன்னும் ஆற்றுக்குப் போகவில்லை.