கைக்குள் இருந்த மணி

என் அக்காவுக்குச் சின்ன வயதில் வீட்டில் வைத்த பட்டப்பெயர் கும்பகர்ணி. உட்கார்ந்தால் தூங்குவாள், சாய்ந்தால் தூங்குவாள், அம்மா தலை பின்னிவிடும்போதே மடியில் சரிந்துவிடுவாள். ஒரு தடவை எதிர்வீட்டில் தீப்பிடித்துத் தெருவே கூடிக் கத்தியது. இவள் மறுநாள் காலையில் எழுந்து, "என்ன, ஒரே புகை நாத்தமா இருக்கு?" என்று கேட்டாள். அப்படிப்பட்டவள் இரண்டு வருஷமாகச் சரியாகத் தூங்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? நான் நம்புவேன். தினமும் அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தவள் நான்.

அவளுக்கு ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. ஈரத்துணி வண்டி வண்டியாக வரும். படுக்கை விரிப்புகளை நீராவி இயந்திரத்தில் கொடுத்துச் சுருக்கமில்லாமல் எடுத்து மடித்து அடுக்க வேண்டும். யார் யாரோ நிம்மதியாகக் கால் நீட்டித் தூங்க இவள் விரிப்பு தேய்க்கிறாள், இவளுக்குத் தூக்கம் இல்லை. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

அத்தான் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகத்தான் கிடந்தார். பேச்சும் போய்விட்டது. வலது கை மட்டும் அசையும். அந்தக் கைக்கு அக்கா ஒரு சின்னப் பித்தளை மணி வாங்கிக் கொடுத்தாள். தண்ணீர் வேண்டுமென்றால் அடிப்பார், புரண்டு படுக்க வேண்டுமென்றால் அடிப்பார். அடுப்பில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டு ஓடுவாள். இடி விழுந்தாலும் எழுந்திருக்காதவளுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு விழிப்பு வந்ததோ! ஒரு விடியற்காலையில், அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தபடியே கண் அயர்ந்துவிட்டாள். விழித்துப் பார்த்தபோது அத்தான் போய்விட்டிருந்தார். மணி அவர் கையில் இருந்தது. கைப்பிடியைப் பிடித்திருக்கவில்லை, மணி முழுவதையும் உள்ளங்கைக்குள் பொத்தி இறுக்கியிருந்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தேன் என்று அக்கா சொன்னாள்.

"அடிச்சிருப்பார்டி. அடிச்சு அடிச்சுப் பார்த்திருப்பார். இந்தப் பாவிக்குத்தான் கேக்கல."

அன்றிலிருந்து இந்த இரண்டு வருஷமும் இதே பாட்டுத்தான். "நீ என்ன இரும்பா? மனுஷிதானே அக்கா?" என்று எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். நான் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்கிறவள். எனக்கு ஒலிபெருக்கியே வீண்செலவு என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். அந்தத் தொண்டையால்கூட அவள் காதுக்குள் போக முடியவில்லை.

டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். "அதைப் போட்டா யாராவது கூப்பிட்டாக் கேக்காது" என்று டப்பாவுக்குள் வைத்து மூடிவிட்டாள். கூப்பிட அந்த வீட்டில் யாரும் இல்லை என்று என் வாய்வரைக்கும் வந்தது. நல்லவேளை, முழுங்கிவிட்டேன்.

போன மழைக்காலத்தில் இயந்திரத்தின் முன்னால் நின்றபடியே அவளுக்குக் கண் சொருகி, இடது மணிக்கட்டு சூட்டுத் தகட்டில் பட்டுத் தோல் உரிந்துவிட்டது. மேற்பார்வையாளர் நல்ல மனுஷன். ஆனாலும் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்களை வேலையில வெச்சுக்க முடியாதும்மா. அடுத்தது கையே போயிடும்." வேலைதான் அவளை வீட்டைவிட்டு வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. அதுவும் போனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தே செத்துப்போவாள்.

அப்போதுதான் சலவைக்கூடத்தில் ஒருத்தி அக்குபஞ்சர் போய்ப் பார் என்று சொன்னாளாம். சீன வைத்தியம், மன அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் ஊசி குத்துவார்கள் என்றாளாம். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கொசுவும்தான் ராத்திரி பூரா குத்துது. அதுல யாருக்குத் தூக்கம் வந்துச்சு?" என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே கூட்டிக்கொண்டு போனேன்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மாடி. உலர்ந்த மூலிகையைக் கொளுத்திய வாசனை. சுவரில் ஒரு மனித உடம்புப் படம், உச்சியிலிருந்து பாதம்வரை கோடும் புள்ளியுமாக, எங்கள் நிலையத்து வழித்தட வரைபடம் மாதிரியே இருந்தது. வைத்தியம் பார்ப்பவர் நடுத்தர வயதுப் பெண்மணி. மனசுக்குள் அவருக்கு ஊசியம்மா என்று பெயர் வைத்தேன். அக்காவை நாக்கை நீட்டச் சொன்னார். கட்டுப் போடாத கையில் மூன்று விரல்களை வைத்து வெகுநேரம் நாடி பார்த்தார். எப்போது விழிப்பு வருகிறது, பசிக்கிறதா, கால் சில்லிட்டுப் போகுமா என்று நிதானமாகக் கேட்டார். "உங்க டாக்டரைப் பார்க்கறதை விட்டுடாதீங்க. இது அதோட சேர்த்துச் செய்யறதுதான்" என்றார். அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்தது.

திரைக்குப் பின்னால் கட்டில். அக்கா படுத்துக்கொண்டாள்.

"ஊசி போட்டுட்டு நான் அடுத்த கட்டிலுக்குப் போயிடுவேன். நீங்க அசையாம இருங்க. ஏதாவது வேணும்னா இதை அடிங்க, ஓடி வந்துடுவேன்" என்று சொல்லி ஊசியம்மா அவள் கையில் வைத்தது ஒரு சின்னப் பித்தளை மணி.

அக்கா தேள் கொட்டினாற்போல் துள்ளி எழுந்தாள். மணி தரையில் விழுந்து உருண்டது. "வேணாம். எனக்கு ஒண்ணும் வேணாம். வாடி போகலாம்." ஊசியம்மா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். இரண்டே வார்த்தையில் விஷயத்தைச் சொன்னேன். அவர் குனிந்து மணியை எடுத்து, "எனக்குத் தெரியாதும்மா, மன்னிச்சுக்கோங்க" என்றார்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! அது யார் மேலே என்று இன்றுவரை தெரியாது. "நீ படுக்க வேணாம், நான் படுக்கறேன். உன்கிட்டக் கத்திக் கத்தி எனக்கும்தான் தலைவலி. வலிக்குதா இல்லையான்னு நீயே பாரு" என்று செருப்பை உதறிவிட்டுக் கட்டிலில் ஏறிவிட்டேன். உண்மையில் ஊசி என்றாலே எனக்குத் தொடை நடுங்கும். ஆனால் முடி மாதிரி மெல்லிய ஊசி, போட்டதே தெரியவில்லை. புருவ மத்தியில் ஒன்று, காதில், இடது கையில், பாதங்களில். மணிக்காக வலது கையை மட்டும் விட்டுவைத்தார்.

அக்கா போய்விடவில்லை. திரைக்கு வெளியே நாற்காலியை இழுத்துப்போட்டு, என்னைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். "இங்கேயேதான் இருக்கேன். ஏதாவதுன்னா அடி, என்ன?" என்றாள்.

அசையக்கூடாது என்றால் மூக்கு அரிக்காமல் இருக்குமா? அரித்தது. அப்புறம் தாகம் எடுத்தது. கால் கனத்து ஒருமாதிரி இருந்தது. ஊசியம்மாவைக் காணோம். சரி, அடித்துவிடலாம் என்று மணியைத் தூக்கினேன். அப்போதுதான் ஒரு சத்தம் கேட்டது. குறட்டை.

திரை விலகியிருந்த இடத்தில் பார்த்தேன். தலையைச் சுவரில் சாய்த்து, வாயை லேசாகத் திறந்து, எங்கள் கும்பகர்ணி தூங்கிக்கொண்டிருந்தாள்.

மணி கையில் அந்தரத்தில் நின்றது. கீழே வைத்தாலும் ஓசை வரும். விரல்களை மெல்ல இறக்கி, அதன் நாக்கு அசையாதபடி முழுவதையும் உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டேன். மூக்கு அரித்தால் அரிக்கட்டும், கால் போனால் போகட்டும். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கிடந்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

ஊசியம்மா வந்ததும் கண்ணாலேயே காட்டினேன். அவரும் சத்தமில்லாமல் ஊசிகளை எடுத்தார். ஆனாலும் அக்கா திடுக்கிட்டு விழித்து, பதறியடித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள்.

"அடிச்சியா? ஐயோ, எனக்குக் கேக்கவே இல்லையே!"

"அடிக்கல அக்கா."

"பொய் சொல்லாதே. கையில..." என்றவள் என் கையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். "ஏன் இப்படிப் பிடிச்சிருக்கே?"

"நீ தூங்கிட்டிருந்தே. சத்தம் வந்தா முழிச்சுப்பியேன்னு..."

சொல்லி முடிக்கும்போதுதான் எனக்கே உறைத்தது. அக்கா தரையில் மண்டியிட்டாள். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மணியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு, அத்தான் போன அன்றுகூட அழாத அழுகையை அழுதாள். நானும் வெட்கமில்லாமல் என் தொண்டைக்கு ஏற்றபடி அழுதேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர், "என்னம்மா, ஊசி அவ்வளவா வலிக்குது?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

அத்தான் மனசில் என்ன இருந்தது என்று யார் சொல்ல முடியும்? ஆனால் அடிக்க நினைக்கிறவர்கள் மணியை அப்படிப் பிடிப்பதில்லை. என் கைக்கு அது தெரியும்.

ஊசி வேலை செய்கிறதா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அக்கா வாரம் தவறாமல் போகிறாள். தூங்காத இரவுகள் இன்னும் உண்டு. இயந்திரத்தின் முன்னால் இப்போது கண் சொருகுவதில்லை, வேலையும் இருக்கிறது. அந்த முதல் நாளில், அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளே கட்டிலில் ஏறிப் படுத்தாள். ஊசியம்மா மணியை அப்பால் எடுத்து வைக்கப் போனார். அக்கா கை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

"அவர் என்னைக் கூப்பிடலடி" என்றாள், கண்ணை மூடியபடி. "தூங்கட்டும்னு விட்டிருக்கார்."