குறிப்பெடுக்க வந்தவர்

என் பேச்சை அதுவரை யாரும் குறிப்பெடுத்ததில்லை. அதனால்தான் உளவுப்பிரிவு ஏட்டு பின்வரிசையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அவர் எழுத வசதியாக நிறுத்தி நிறுத்திப் பேசினேன். நல்ல வரிகளை இரண்டு முறை சொன்னேன்.

கூட்டம் எனக்காக அல்ல. திருமழிசை தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் நண்பர், ஏரியில் மண் கொட்டுவதைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். பொது அமைதிக்குக் குந்தகம் என்று உள்ளே வைத்துவிட்டார்கள். அவரை விடுவிக்கக் கோரும் மனுவுக்குக் கையெழுத்து வாங்க, அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தைப் பிடித்தோம். நான் அழைத்து வந்திருந்த எழுத்தாளர்களில் ஒருவர், “கருத்துரிமை என் உயிர்மூச்சு சார். ஆனா கவிதை சுமார்தானே?” என்று கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். கவிதை தேறினால்தான் ஜாமீன் என்று சட்டம் வந்தால் தமிழ்நாட்டுச் சிறைகளில் இடம் போதாது. முதல் அறை எனக்கு.

போலீஸ் அனுமதி ஆறு மணி வரை. நிறைவாகப் பேச வேண்டியவர் நண்பரின் மனைவி. அவருக்கு முன் எனக்குப் பத்து நிமிடம். சினிமாவில் மட்டுமே பார்த்த கொட்டடியை நான் நாற்பது நிமிடம் வர்ணித்தேன். விலங்கு முடிந்து விடியலுக்கு வரும்போது மண்டப மேலாளர் மைக்கை அணைத்தார். மணி ஆறு. கூட்டம் பஜ்ஜித் தட்டை நோக்கி எழுந்தது.

“அண்ணே, கொஞ்சம் நவுருங்க” என்று அந்த அம்மா முன்னால் வந்தார். மைக் இல்லை.

“அவுரு கண்ணாடி ஒடஞ்சி ஒரு மாசம் ஆவுது. புச்சு எட்த்துகினு போனா உள்ள வாங்க மாட்றாங்க. படிக்காம அவுரால இருக்க முடியாது. தயவுசெஞ்சி கையெழுத்து போட்டுட்டுப் போங்க.”

அவ்வளவுதான். எழுந்தவர்கள் திரும்பி வந்து வரிசையில் நின்றார்கள். கவிதை சுமார் என்றவரும் பேனா கேட்டார்.

வாசலில் ஏட்டு வண்டியை எடுத்துக்கொண்டிருந்தார். என் பேச்சால் ஏதும் பிரச்சினை வருமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். பயத்தைவிட ஆசைதான் அதிகம்.

“அந்தம்மா சொன்னத அப்டியே எழுதிகீறேன் சார், கண்ணாடி மேட்டரோட. மேல போவும்.”

“நான் பேசினது?”

“‘இன்னொருவரும் பேசினார்’னு போட்டுகீறேன். கவலப்படாம ஊட்டுக்குப் போங்க.”