புகைவீட்டில் விளைந்த கற்கண்டு

மழை, மழை, மழை. லாயாங் லாயாங் ரப்பர் தோட்டத்தில் அந்த வருடம் உப்புக்கூட ஜாடிக்குள் அழுதுகொண்டிருந்தது. அப்போதுதான், ஊரிலிருந்து புதுமணப்பெண்ணாகக் கப்பலேறி வந்திருந்த சித்தி சீனியைக் கல்லாக்கப் போவதாகச் சொன்னாள்.

எங்கள் லயத்து வரிசை வீட்டில் அடுப்பு பெரியம்மாவுடையது. சித்திக்குப் பாத்திரம் கழுவும் வேலைதான். "அம்மன் திருவிழாவுக்கு நானே கற்கண்டு செய்றேன்க்கா" என்றதும் பெரியம்மா சிரித்தாள்.

"இந்த ஈரத்துலயா? செஞ்சு காட்டு, அடுப்ப உங்கிட்டயே குடுத்துடுறேன். இல்லன்னா அந்தப் பக்கமே வரப்படாது, ஆமா."

பாகு காய்ச்சி இறக்கி, சீனியில் புரட்டிக் காயவைத்த நூல்களைச் சித்தி பானைக்குள் தொங்கவிட்டாள். அசையாமல் இருந்தால் நூலில் ஒட்டிய பொடியின்மேல் பாகிலுள்ள சீனி அடுக்கடுக்காக வந்து உட்காருமாம். ஆனால் லயத்தில் ஒரு பானை சும்மா இருக்க முடியுமா? வந்தவர்கள் எல்லாம் குலுக்கிப் பார்த்தார்கள். அடியில் கட்டிக்கொள்ளுமே என்று பெரியம்மா காலையும் மாலையும் நல்லெண்ணத்தோடு கிண்டிவிட்டாள். கிடைத்தது வெறும் மணல்.

"கற்கண்டு எங்க புள்ள? கடற்கரைல்ல தெரியுது" என்றாள் பெரியம்மா.

சித்தி அழவில்லை. அந்த மணலையே மறுபடி காய்ச்சி, புது நூல் கட்டி, பானை வாயைத் துணியால் மூடி, சித்தப்பா வேலைசெய்த புகைவீட்டுக்கு அனுப்பினாள். ரப்பர் ஷீட்டுகள் தொங்கும் அந்த இருட்டில் எந்நேரமும் ஒரே சூடு, எட்டிப்பார்க்க ஆளில்லை. ஈரம் மட்டும் துணி வழியே மெல்ல வெளியேறியது.

திருவிழாக் காலையில் சித்தப்பா பானையைத் தூக்கிவந்தார். நூலை இழுத்தால் வரவில்லை. பானையைத்தான் உடைக்க வேண்டியிருந்தது. உடைந்ததும், அப்பப்பா, அந்த வெளிச்சம். கட்டைவிரல் தடிமனில், பட்டை பட்டையாய், யாரும் செதுக்காமலே விளிம்பு கூர்ந்த கற்கள். ஒவ்வொன்றிலும் ஒரே சாய்வு, ஒரே மடிப்பு. நான் வாசல் வாசலாக ஓடிக் கத்தினேன்.

பெரியம்மா ஒன்றை எடுத்து முகர்ந்தாள். "புகை நாத்தம் அடிக்குதே."

"அம்மனுக்குப் புகை புதுசாக்கா?" என்றாள் சித்தி. லயமே சிரித்தது, பெரியம்மாவுந்தான். பிறகு ஊதாங்குழலை முந்தானையால் துடைத்து, சித்தியின் கையில் கொடுத்தாள்.

எனக்கோ கோபம். ஜெயித்தவளுக்கு இதுவா பரிசு, ஊதி ஊதிக் கண் எரிகிற வேலை? ஆனால் சித்தி அந்த இரும்புக் குழாயை மார்போடு அணைத்துக்கொண்டு, தேர்வடம் பிடித்தவளைப்போல நிமிர்ந்து அடுப்படிக்குள் போனாள்.