பாலை விட்ட பிறகு

மகள் மயங்கி விழுந்துவிட்டாள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து விளையாட்டு ஆசிரியர் போன் செய்தபோது, கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்குப் பக்கத்திலிருக்கும் என் ஜெராக்ஸ் கடையில் ஒரு வக்கீல் குமாஸ்தாவுக்குப் பத்திரம் நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். அவரையே கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் ஒரே நினைப்புதான். இது என்னால் வந்தது.

நான் பால் குடிப்பதில்லை. தயிர், மோர், நெய், முட்டை, கறி எதையும் தொடுவதில்லை. ஊரில் இதைச் சொன்னால் யாருக்கும் பிடிபடாது. சைவமா என்பார்கள். சைவம் என்றாலும் பால் உண்டே என்று அடுத்துக் கேட்பார்கள். பெரிய கொள்கை எதுவும் இல்லை. வடக்கனந்தலில் மாமியார் வீட்டுப் பசு போட்ட கன்று ஒன்று செத்துப்போனது. அதன் தோலை உரித்து, உள்ளே வைக்கோலைத் திணித்து, பசுவின் முன்னால் நிறுத்திப் பால் கறந்தார்கள். பசு அந்தத் தோலை நக்கிக்கொண்டே நின்றது. எனக்கு வந்த காபியை வைத்துவிட்டு எழுந்தேன். அப்புறம் குடிக்க முடியவில்லை. கறியும் முட்டையும் போகப்போக விலகிவிட்டன.

ஓட்டம் அதற்கு முன்பே உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியைக் கோமுகி அணைப் பக்கம் நிறுத்திவிட்டு, கல்வராயன் மலையில் வெள்ளிமலை போகும் ரோட்டில் ஏறுவேன். மகளும் கூட வர ஆரம்பித்தாள். சீக்கிரத்திலேயே என்னை முந்திவிட்டாள். பள்ளிக்கூடத்துப் போட்டிகளுக்கு அவளைத்தான் அனுப்பினார்கள். ஏன் பால் குடிக்க மாட்டேன் என்கிறாய் என்று மலையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு நாள் கேட்டாள். சொன்னேன். மறுநாள் காலை அவளும் பால் டம்ளரைத் தொடவில்லை. பிறகு முட்டையும் கறியும்கூட வேண்டாம் என்றாள். என் மனைவி கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமைதான் அன்று வண்டியில் போகும்போது உறுத்தியது.

பள்ளிக்கூட வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. ஒன்றுமில்லை, வெயில்தான் என்றாள். கொஞ்ச நாளாகவே கடைசிச் சுற்றில் பின்தங்கிவிடுகிறாள், மூச்சு ரொம்ப வாங்குகிறது என்றார் ஆசிரியர். மனைவியையும் வரச் சொல்லி, நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறுகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அதே சாப்பாடுதான் என்றதும், அப்பா, மகள் இரண்டு பேரும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள், நாளைக்கு ரிசல்ட் வந்துவிடும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி நேரே அடுப்படிக்குப் போனாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. பாலைக் காய்ச்சி இரண்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் வைத்தாள்.

"மொதல்ல நீங்க குடிங்க. நீங்க குடிச்சாதான் அவ குடிப்பா."

எடுத்தேன். ஆடையின் வாசனை அடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பாதி குடித்தேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்காகக் குடிச்சியா, பயந்துகினு குடிச்சியாப்பா?"

"பயந்துகினுதாம்மா."

"அப்ப எனக்கு வாணாம்" என்று டம்ளரைத் தள்ளி வைத்தாள். மனைவி அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பால், முட்டை, கறி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நான் போனில் தேடிப் படித்தேன். ஒரு இடத்தில் எலும்பு தேயும் என்றிருந்தது. இன்னொரு இடத்தில் நரம்பு கெடும், பாதம் மரத்துப்போகும் என்றிருந்தது. எனக்குக் காலையில் எழுந்தால் பாதத்தில் குறுகுறுவென்று இருக்கும். ஷூ சரியில்லை என்று நினைத்திருந்தேன். படித்ததை மனைவியிடம் சொல்லத் துணிவில்லை.

மறுநாள் மூன்று பேரும் போனோம். மகளுக்கு இரும்புச்சத்து குறைந்து ரத்தம் கம்மியாகியிருந்தது. பி12 சத்து இரண்டு பேருக்குமே குறைவு. அவளைவிட எனக்கு மோசம்.

"பாலை நிறுத்திட்டீங்க, சரி. அதுக்குப் பதிலா தட்டுல என்ன வெச்சீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். காலையில் இட்லி, மதியம் சோறும் ரசமும், ராத்திரி தோசை, நடுநடுவே பாலில்லாத வரட்டீ. ஓட்டம் கூடிக்கொண்டே போனது, தட்டு அப்படியே இருந்தது.

மனைவி நேராகவே கேட்டுவிட்டாள், பால் குடித்தால் இது சரியாகிவிடுமா என்று. பாலில் இரும்புச்சத்து பெரிதாகக் கிடையாது, ரத்தக் குறைவு பாலால் தீராது, அவளுக்கு இரும்பு மாத்திரை எழுதித் தருகிறேன் என்றார் டாக்டரம்மா. பி12 மட்டும் கீரையிலும் பருப்பிலும் வராது, இந்தச் சாப்பாட்டில் இருக்கும்வரை இரண்டு பேரும் பி12 மாத்திரையை விடவே கூடாது. வயசுக்கு வந்த பெண், மாதாமாதம் ரத்தம் போகிறது, அதோடு ஓடுகிறாள், மற்றப் பிள்ளைகளைவிட அவளுக்கு ஜாஸ்தி வேண்டும். சாப்பாட்டை ஒட்டி டீ குடிக்கக் கூடாது. அவர் சொல்லும்வரை ஓடவும் கூடாது. கடைசியாக என்னைப் பார்த்து, "முழுசா செய்யறதா இருந்தா செய்யுங்க. பாதி செஞ்சா ஆபத்து" என்றார்.

அதற்குப் பிறகு மனைவிதான் எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டாள். பாலில்லாமலே தொடர்வது என்ற எங்கள் முடிவில் அவளுக்குச் சம்மதம் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் கொள்ளும் கொண்டைக்கடலையும் ஊறாத நாள் கிடையாது. சுண்டலில் எலுமிச்சம்பழம் பிழிந்தாள். முருங்கைக்கீரை, கேழ்வரகு அடை, மீல்மேக்கர் குழம்பு, எள்ளுருண்டை என்று மாற்றி மாற்றிச் செய்தாள். மாத்திரையை விழுங்கினோமா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். நானும் சும்மா இல்லை. தினமும் காலையில் மகளின் இமையை இழுத்து, சிவப்பு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஏறிய மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். "தெனமும் கண்ணைப் பாக்காதப்பா, எனக்கே பயமா கீது" என்று ஒரு நாள் கையைத் தட்டிவிட்டாள்.

சில மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் ரத்தம் ஏறியிருந்தது. என் பாதத்துக் குறுகுறுப்பும் மெல்லக் குறைந்தது. மெதுவாக ஓடட்டும், ஆனால் பரிசோதனையை நிறுத்தக் கூடாது என்று டாக்டரம்மா அனுமதி கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனோம். மனைவியும் ஸ்கூட்டியில் தண்ணீரும் கடலை உருண்டையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். மகளின் மூச்சைக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் ஓடினேன். கொஞ்சம் பலமாக இழுத்தால் எனக்குத் திக்கென்றது. நிற்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பொறுத்துப் பார்த்தவள் வேகத்தைக் கூட்டினாள். ஒரு வளைவில் திரும்பினாள், அப்புறம் ஆளைக் காணோம். கூப்பிட்டேன். பதில் வரவில்லை. விழுந்து கிடப்பாளோ என்று பதறி ஓடினேன். வளைவைத் தாண்டியதும், சாமைக் கொல்லை ஓரமாக இன்னும் மேலே அவள் ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. அதற்கு மேல் என் கால் வரவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

ஸ்கூட்டி பக்கத்தில் வந்து நின்றது.

"எங்க அவ?"

"மேல போய்க்கினு கீறா."

மனைவி கையை நெற்றிமேல் வைத்துப் பார்த்தாள்.

"நீங்க மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டு, வண்டியை முறுக்கிக்கொண்டு மகளுக்குப் பின்னால் போனாள்.