வாக்குச்சாவடிக்குக் கூட வந்தவர்

கனடாக் குடியுரிமை கிடைத்த பிறகு எனக்கு வந்த முதல் தேர்தல் அது. கியூபெக் மாகாணத்துச் சென்ட் லோரன்டில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறைக்கு அப்போதுதான் குடிவந்திருந்தேன். டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை; பின்னேர ஷிப்ட். அறையில் பேச்சுத்துணைக்கு யாருமில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் என் குரலையே நான் கேட்டதில்லை.

வாக்காளர் பட்டியலில் பெயர் பதிய வீடு வீடாக வந்தவர்கள் தட்டியபோது நான் வேலையில் இருந்திருக்க வேண்டும். முன்கூட்டியே வாக்களிக்கும் நாட்களும் வேலையோடு போயின. கூட வேலை செய்த யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர்தான் சொன்னார்: "தேர்தலண்டும் பதியலாம் தம்பி. சிட்டிசன் காட்டைக் கொண்டு போம்."

பள்ளிக்கூட மண்டபத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த பெண் என் குடியுரிமை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதில் விலாசம் இல்லையே. இந்த வட்டாரத்தில் இருப்பதற்கு ஏதாவது அத்தாட்சி?"

என்னிடம் டெலிபோன் இல்லை. மின்சாரக் கட்டணம் வீட்டுக்காரம்மா பெயரில். நான் இங்கே வாழ்கிறேன் என்று சொல்ல என் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. வாடகை ஒப்பந்தம் மேல்மாடியில் அந்த அம்மாவிடம் இருந்தது.

அவர் தனியாக வாழும் வயதான பிரெஞ்சுக்காரி. கியூபெக் தனிநாடாக வேண்டும் என்ற கட்சியின் படத்தை ஜன்னலில் ஒட்டியிருந்தார். தனிநாட்டுக்காக முன்பு நடந்த பொதுவாக்கெடுப்பு தோற்றதற்கு வந்தேறிகளே காரணம் என்ற பேச்சு அப்போதும் அடங்கவில்லை. அதனால் அவரைக் கண்டால் ஒதுங்கிப் போவேன்.

அன்று திரும்பி வந்து அவர் கதவைத் தட்டினேன். கேட்டுவிட்டு உள்ளே போனவர், ஒப்பந்தத்தோடு கோட்டையும் மாட்டிக்கொண்டு வந்தார்.

"நானும் இன்னும் வாக்களிக்கவில்லை. நட."

வழியில் தடுமாறும் ஆங்கிலத்தில் சொன்னார்: "நீ யாருக்குப் போடுவாய் என்று தெரியும். உன் வாக்கு என் வாக்கை வெட்டிவிடும்."

"பிறகு ஏன் வருகிறீர்கள்?"

"என் வீட்டில்தானே இருக்கிறாய்."

மேசையில் அவரே பிரெஞ்சில் விளக்கினார். என் பெயர் பட்டியலில் ஏறியது. சீட்டில் புள்ளடி போட்டு, மடித்துப் பெட்டியில் இட்டேன்.

திரும்பியதும் கோப்பி தந்தார். இந்த நாட்டில் இன்னொருவர் வீட்டுச் சமையலறையில் நான் இருந்தது அதுதான் முதல் தடவை. அவர் ஜன்னலைப் பார்த்தபடி குடித்தார். வேலைக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகும்வரை அப்படியே இருந்தோம்.